பாதிக் கிணற்றுக்கு மருந்து

கோபத்தைச் சொல்லி அழ ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் அண்ணைக்கு,

காய்ச்சல் இன்னும் போகவில்லை. உங்களைக் கொண்டுபோனதோடு அதற்குப் போதும் என்று ஆகியிருக்கும் என நினைத்தேன். இல்லை. மாரி போய்ப் பனி வந்தது, பனி போய் வெயில் வந்தது. தண்ணீரில் வருகிற இந்த நெருப்புக் காய்ச்சல் மட்டும் சண்டிலிப்பாயில் குடியிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறப்பதும் பூட்டுவதுமாக இருக்கிறது. கூப்பன் அரிசிக்கு நிற்கிற வரிசையில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் மல்லித்தண்ணி என்கிறார், ஒருவர் கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொல்கிறார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். சுடுதண்ணி குடிக்கத் தாங்கள் என்ன பிள்ளை பெத்தவையோ என்று கேட்கிறார்கள். விறகும் இல்லைத்தான். யாரை நோவது?

உங்கள் மகன் தவழ்கிறான். மச்சாள் தன் பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போதே ஒரு மிடறு குடித்துவிடுகிறான். எனக்கு இப்போது இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

கிணறு உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. வேலி வந்து கிணற்றில் முட்டி, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறதே, அதே கிணறு. காணி பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பி கதைப்பதில்லை. உங்கள் செத்தவீட்டுக்கும் பெரியப்பா வந்தார். பந்தலுக்குள் இருந்தார். அப்பாவோடு ஒரு சொல் இல்லாமல் எழும்பிப் போனார்.

போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குப் போடும் மருந்துத்தூளோடு சைக்கிளில் வந்தார். பெரியப்பா வேலிக்கு அப்பால் நின்று, அப்பாவுக்குக் கேட்க என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, அவையின்ரை பாதிக்குப் போடச் சொல்லு. என்ரை பாதிக்கு வேண்டாம். அந்தத் தண்ணிக்கு என்ரை புகையிலைக் கன்று கருகிப்போம்."

பரிசோதகர் பகிடி என்று சிரித்தார். பகிடி இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். காணி உறுதியில் பாதி என்றுதான் எழுதிக் கிடக்கிறது, அவர் சொல்வதில் பிழையில்லை என்றார் அப்பா.

கொழும்பில் எனக்குத் தர்க்கம் படிப்பித்தார்கள். ரயிலில் எந்த இடத்தில் அதைத் தவறவிட்டேனோ.

நீங்களே கதைத்து முடிவெடுங்கள் என்று பரிசோதகர் பொதியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். கதைத்து. இந்த வீட்டில்.

பெரியப்பா ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினார். எங்கள் இறைப்பு முறை நாளில் மருந்து போட்டு, அவருடைய முறை வருவதற்குள் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட வேண்டுமாம். அப்பா அதையும் யோசித்தார், அண்ணை. உண்மையாகவே யோசித்தார். உங்களுக்குக் கொள்ளி வைத்த கை நாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை மச்சாள் பிள்ளையை என் இடுப்பில் தந்தாள். பெரியப்பா வேலிக்கு அப்பால் பல் விளக்கிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் இதுவரை வாய் திறக்காதவள், பொதியை அவிழ்த்துக் கிணற்றுக்குள் கொட்டினாள். வாளியை விட்டுக் கலக்கினாள்.

"மாமா, நான் எங்கடை பாதிக்குத்தான் போட்டனான். அது அங்காலை வந்தா நான் என்ன செய்யிறது?"

பெரியப்பா பல் விளக்கி முடித்தார். பிறகு தன் பக்கத்தால் ஒரு வாளி அள்ளினார். மணந்து பார்த்தார். சத்தம் கேட்டு வந்து நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, நாறுதடா."

"ஓம் அண்ணை. நாறுது."

இத்தனை வருடத்துக்குப் பிறகு இருவருக்கும் கதைக்க இருந்தது இவ்வளவுதான். இதை உங்கள் செத்தவீட்டில் கதைத்திருக்கக் கூடாதா?

பின்னேரம் மச்சாள் இன்னொன்று சொன்னாள். உங்களுக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முதல், நான் கொழும்பில் இருந்தபோது, முன்பிருந்த பரிசோதகர் ஒருமுறை இதே மருந்தோடு வந்தாராம். பாதிக்குப் பாதி என்ற கதையைக் கேட்டுத் திரும்பிப் போனாராம். உங்களுக்கும் அது தெரியுமாம். பெரியவர்கள் கதைக்கட்டும் என்று பேசாமல் இருந்தீர்களாம்.

ஏன் அண்ணை?

மருந்து சில நாளில் தீர்ந்துவிடுமாம், திரும்பவும் போட வேண்டும். அடுத்த பொதியை நானே வாங்கி வந்து கொட்டுவேன். யாருடைய பாதி என்றும் கேட்கமாட்டேன், யாருடைய முறை என்றும் கேட்கமாட்டேன். உங்கள் மகன் அந்தத் தண்ணீருக்கு முகத்தைச் சுழித்துத் துப்புகிறான். துப்பட்டும். உங்களைப்போல் பொறுமைசாலியாக அவனை வளர்க்கமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
உங்கள் மகனுக்கு இருக்கிற ஒரே மாமி