சாவி எடுத்தும் நிற்காத பென்ஸ்

அன்புள்ள பெனாசிருக்கு, ஷார்ஜாவிலிருந்து ஆசிப்பின் சலாம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். உன் அண்ணன் சாதிக் மச்சான் லீவில் கோட்டக்குப்பம் வருவதால் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய்.

லீவு நாட்களில் நான் ரிப்பேர் பார்க்கும் நம் பழைய பென்ஸ் டீசல் கார், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால் நிற்க மறுத்துவிட்டது. சாவியை உருவிய பிறகும் எஞ்சின் ஓடியது.

"சாவி கைல இருக்குது, வண்டி ஓடிக்கினு இருக்குதே மாப்ள. இன்னா பேஜாரு இது?" என்றார் மச்சான்.

பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டாப் லீவரை அழுத்தி அணைத்தேன். ஆபத்து ஒன்றுமில்லை.

காரணம்தான் வேடிக்கை. இந்தக் காரில் எஞ்சினை அணைப்பதும் நான்கு கதவுகளைப் பூட்டுவதும் குழாய்கள் வழியே காற்றை உறிஞ்சும் ஒரே பம்புதான். ஒரு கதவில் காற்று கசிந்தாலும் எஞ்சின் அணையாது. ஒவ்வொரு குழாயாக அடைத்துப் பார்த்தேன். பின்சீட்டு வலது கதவுக்குள் பூட்டை இழுக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. அந்தக் கதவு பல நாளாகப் பூட்டவே இல்லை போல. அங்கே உட்கார ஆளில்லாததால் நான் கவனிக்கவில்லை.

மச்சான் திரும்பும்போது வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடு, இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. கண்ணாடி துடைக்க உன் பழைய நூல் சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காதே, அப்படியே கொடு.

மச்சான் கீழே ஆரன் அடிக்கிறார். காரில் தனக்கு எந்த இடம் என்று நம் மகள் தமன்னா கேட்டாளே, பின்னால் வலது பக்கம் என்று சொல். கதவு இப்போது நன்றாகப் பூட்டுகிறது.

ஆசிப்