என்னிடம் இருந்த திறப்பு

கொழும்பு
12.3.1988

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். என்னை டென்மார்க்குக்கு அழைக்கும் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, உங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி கிர்ஸ்டன் படிவம் நிரப்பினாள், கிர்ஸ்டன் அமைச்சுக்குப் போன் எடுத்தாள், கிர்ஸ்டன் கேக் கொண்டுவந்தாள். மூன்று பக்கத்தில் அவள் பெயர் ஒன்பது இடத்தில். என் பெயர் உறையின்மேல் மட்டும்.

தையல் தொழிற்சாலை வேலை போகிறது. பட்டதாரி என்று அலுவலகத்தில் இருத்தியிருக்கிறார்கள். மன்னாரிலிருந்து தைக்க வந்த பதினெட்டுப் பெண்பிள்ளைகளின் அடையாள அட்டைகளை மனேஜர் வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டின் திறப்பு என்னிடம், என் சாவிக்கொத்தில். வாசல் கதவைப் பூட்டுவதே இல்லை. அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளை முதல் சோதனைச்சாவடியைத் தாண்டுவாளா? இங்கே தைக்கும் சேட்டுகளின் கொலர் லேபலில் ஹேர்னிங் என்றிருக்கிறது. உங்கள் ஊர்தானே?

அன்புடன்,
கிருபாமலர்


ஹேர்னிங்
9.4.1988

அன்புள்ள கிருபா,

நான் பெட்டி உடைக்கும் கொம்பனிதான் அது. உம்முடைய சேட்டுகளைத்தான் தினமும் எண்ணி அடுக்குகிறேன் போலும்.

கோபிக்காதையும். அலுமாரிப் பகுதியை மட்டும் கிர்ஸ்டனுக்கு வாசித்துச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த கோப்பியை அப்படியே வைத்துவிட்டாள். "தேவா, இது வேலை இல்லை, சிறை" என்றாள். நீர் இதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினால் முதலாளியிடம் கொண்டுபோவாளாம். அவள் என்னைவிட ஒரு முழம் உயரம், காணும்.

உம்முடைய,
தேவராஜா


கொழும்பு
2.5.1988

அத்தானுக்கு,

உங்களுக்கு எழுதிய கடிதத்தை அவளுடைய கோப்பி மேசையில் விரித்திருக்கிறீர்கள். உயரத்தையும் அளந்து வைத்திருக்கிறீர்கள். நாற்பத்தெட்டு வயதில் பொறாமை அழகில்லை என்று எனக்குத் தெரியும்.

அவளுக்காக நான் எதுவும் எழுதமாட்டேன். ஹேர்னிங்கிலிருந்துகொண்டு இரக்கப்படுவது சுலபம்.

கிருபாமலர்


ஹேர்னிங்
20.6.1988

கிருபா,

உமது கடிதம் இல்லாமலே கிர்ஸ்டன் முதலாளியை நெருக்கி, உங்கள் தொழிற்சாலையிடம் கேட்க வைத்தாள். பதில் வந்துவிட்டது. "தொழிலாளர் எவருடைய அட்டையும் எங்களிடம் இல்லை." முதலாளி அதை அவள் முன்னால் போட்டுச் சிரித்தாராம். அவள் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள்.

அடியில் உம்முடைய கையெழுத்து.

"யாரிது, தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்ர மனுசி" என்றேன். ஏன் கிருபா?

தேவராஜா


கொழும்பு
11.7.1988

அன்புள்ள அத்தானுக்கு,

மனேஜர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "கையெழுத்தையும் நீங்களே வையுங்கோ" என்றார். பயத்தில் கையெழுத்திட்டேன் என்று எழுதலாம். நீங்கள் நம்பவும் கூடும். உண்மை வேறு. கிர்ஸ்டன் பொய்க்காரியாகட்டும் என்று நினைத்தேன். பேனை எடுக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

போன கிழமை நிலக்ஷி என்ற பிள்ளைக்கு, தாய்க்கு வருத்தம் கடுமை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. "மிஸ், என்ர அட்டையைத் தாங்கோ. போயிட்டு வாறன்" என்று அழுதாள். மனேஜரிடம் கூட்டிப் போனேன்.

"டென்மார்க்குக்கு இல்லையெண்டு எழுதியாச்சு" என்று சிரித்தார். "இல்லாததை எப்பிடிக் குடுக்கிறது?"

மூன்றாம் நாள் தாய் இறந்த செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை அலுமாரியைத் திறந்து பதினெட்டையும் கொடுத்துவிட்டேன். நிலக்ஷி தன்னுடையதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

இத்துடன் ஆங்கிலத்தில் நாலு பக்கம் இருக்கிறது, என் கையெழுத்தோடு. கிர்ஸ்டனிடம் கொடுங்கள். திறப்பு என்னிடம் இருந்தது, பொய்க் கடிதம் நான் எழுதியது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. என்மேல் இரக்கப்பட்டு அதை அவள் நீக்கக்கூடாது, நீங்களும் நீக்க விடக்கூடாது. இதற்குப் பிறகும் விண்ணப்பத்தில் என் பெயர் இருக்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவள்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். உங்கள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக அல்ல. அவளிடம் யாரும் ஒரு திறப்பைக் கொடுத்து வைத்ததில்லை.

கிருபா