உனக்காக நான் சொன்ன பேர்

சிட்டக்கா,

இன்று எதிர் வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். காலையிலிருந்து அந்தப் புளிப்பு வாடை என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் எச்சில் ஊறியது. அப்புறம் உன் ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் காகிதம் எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். நீ அந்த எழுத்தும் அறியாதவள். இருந்தாலும் உனக்குத்தான் எழுத வேண்டும்.

கடத்தூர் மண்டியில் நாம் புளி தட்டிய காலத்தில் உன் இடது கன்னத்தில் எப்போதும் புகையிலை உருண்டு கிடக்கும். அதை ஒதுக்கிக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாய். கை வேலை செய்யட்டும், வாய் சும்மா இருக்கட்டும் என்று மண்டிக்காரர் ஒருநாள் சத்தம் போட்டார். "வாய் ஓடுனாத்தாங்க எனக்குக் கை ஓடும். வாயக் கட்டிப்போட்டா நான் பொணமுங்க" என்றாய். அத்தனை பெண்களும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டார்.

அந்தக் கோடையில் ஒரு சுளை புளியை வாயில் போட்டவள் அலறித் துப்பினாய். நாக்கின் ஓரத்தில் புண். மஞ்சளும் தேனும் தடவி ஆறு மாதம் மறைத்தாய். கழுத்தில் கட்டி எழும்பிய பிறகுதான் உன் புருஷனும் நானும் உன்னை மொரப்பூரில் ரயில் ஏற்றினோம். சண்டைக்காலம், வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். நாக்கை எடுத்தார்கள், கழுத்தையும் கிழித்துத் தைத்தார்கள். கிளம்பும்போது அங்கிருந்த நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணு ஆறிடும்மா. இனிமே இவங்க மனசுதான் ஒடையும். திட்டாதீங்க, தனியா விடாதீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே கண்ணாடியை உடைத்தாய். கஞ்சி கொண்டுவந்தால் லோட்டாவைத் தட்டிவிடுவாய். ஒருமுறை அது என் நெற்றியைக் கிழித்தது, கொதிகஞ்சி மார்பில் கொட்டியது. சில நாள் அசையாமல் கிடப்பாய். கழுத்துக் கட்டின் மேல் மொய்க்கிற ஈயைக்கூட ஓட்ட மாட்டாய். நீ அடிக்கும் நாளைவிட அந்த நாட்கள்தான் எனக்குப் பயம். ஒருநாள் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றாய். நான் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், இருவரும் கல்லில் விழுந்தோம். மறுநாள் தாலியைக் கழற்றி எரிகிற அடுப்பில் போட்டாய்.

மாமா குச்சியால் அதைக் கிளறி எடுத்தார். "இவ அவளே இல்ல. தாலியக் கழட்டி அடுப்புல போடறவ எம்பொண்டாட்டியா? கெணத்துல இருந்து என்னமோ ஒட்டிக்கிட்டு வந்திருச்சு" என்றார்.

அவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் அக்காள் என்னை அடிக்கிறாள் என்பதைவிட, யாரோ செத்தவள் அடிக்கிறாள் என்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அமாவாசை உச்சி வேளையில் முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். முடியை அவிழ்த்துப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பின்னாலிருந்து உன் தோளை அமுக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. பூசாரி சாட்டையை நனைத்து வந்தார்.

"யாரு நீ? பேரச் சொல்லு. சொன்னா விட்டுர்றேன்."

உன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடி விழுந்தது. மறுபடி கேட்டார், மறுபடி அதே சத்தம், மறுபடி அடி. "கெடச்சதுதான் கெடச்சுது, ஊமப் பேயாப் போச்சா" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உன் கழுத்தில் ஆறாமல் கிடந்த தையல் பிரிந்து ரத்தம் என் கைமேல் வழிந்தது. அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொல்லித் தொலையேண்டி" என்றேன்.

நீ திரும்பினாய். என் கையைப் பிடித்து இழுத்து, வாயைத் திறந்து, இரண்டு விரலை உள்ளே திணித்தாய். நாக்கு இருந்த இடத்தில் வழுவழுவென்று சதை, நடுவே தையல் தடம். இரண்டு மாதம் கஞ்சி ஊற்றியவள், ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லை. அப்புறம் மிச்சமிருந்த பற்களால் கடித்தாய். எலும்பு வரைக்கும் இறங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேயுமில்லை ஒன்றுமில்லை, என் அக்காள்தான் உள்ளே கிடந்து துடிக்கிறாள். அதைச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் யார் கேட்பார்கள்? பேர் வராமல் சாட்டை நிற்காது. பூசாரி கையை ஓங்கிவிட்டார்.

"பேரு தெரிஞ்சிருச்சுங்க, கடிச்சப்ப எங்காதுல கேட்டுச்சு" என்று கத்தினேன்.

"யாராம்?"

செத்துப்போன பொம்பளை என்று நினைத்ததும் என் வாயில் வந்தது ஒரே பேர். நம்மைப் பெற்ற ஆத்தாவின் பேர்.

சாட்டை நின்றது. உன் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஆத்தாவின் பேரைச் சொல்லி, வாயில் வைக்கக் கூசும் சொல்லால் திட்டினார் பூசாரி. கூட்டமும் காறித் துப்பியது. உன் பல் என் விரலை விட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

அதற்குப் பிறகு நீ யாரையும் அடிக்கவில்லை. அடங்கிவிட்டது என்று மாமா கோழி அறுத்தார். நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய். நான் புகட்டிய கஞ்சியைக் கடைவாய் வழியாக ஒழுக விட்டாய். ஆடி பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாய்.

மறுவாரம் கடப்பாறையோடு போய் அந்த ஆணியைப் பிடுங்கினேன். பூசாரி தடுக்க வந்தார். "கிட்ட வந்தீங்கன்னா மண்டையப் பொளந்துருவேன்" என்றேன். நின்றுவிட்டார். உன் முடியைக் கொண்டுபோய் ஆத்தாவைப் புதைத்த இடத்தில் புதைத்தேன்.

உன் பல் தடம் இன்னும் விரலில் இருக்கிறது. நடுவிரல் மடங்காது, இதை எழுதும்போதும் பேனா நழுவுகிறது. கேட்பவர்களிடம் அரிவாள் பட்டது என்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சாட்டையை நிறுத்தத்தான் அந்தப் பேரைச் சொன்னேன் என்று உனக்குத் தெரிந்ததா, அக்கா? இல்லை, பெற்றவளே உன்னைப் பிடித்திருக்கிறாள் என்று நானும் நம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்விட்டாயா?