பாலத்துக்கு இந்தப் பக்கம்

மதினி,

இன்று காலை தரை துடைக்கப் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்தேன். சர்ரென்ற அந்தச் சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தங்கச்சிமடம் வந்த நீங்கள், எத்தனை சேலைகளை இப்படிக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டீர்கள்! தீட்டு நின்ற பிறகும் எதற்கு இத்தனை துணி என்று கேட்டால், "வயசானா அப்படித்தான்த்தா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

கடல்பாசி எடுக்க நாம் சேர்ந்துதான் கடலில் இறங்குவோம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது மட்டும் உங்கள் முகம் தெளிந்திருக்கும். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாதல்லவா? கரையேறினால் கண் மறைவிடம் தேடும். பூசைக்கு வந்தாலும் கோயில் வாசலோரம்தான் நிற்பீர்கள். கல்யாணம், துக்கம் என்று பாம்பன் பாலத்தைத் தாண்டி எங்கும் போவதில்லை. மருந்துக் கடையில் சூட்டுக்கு மாத்திரை வாங்குவீர்கள். குணமாகாவிட்டால் மறுபடியும் அதையே வாங்குவீர்கள். கழிப்பறைக்கு ஓடி வரும் தூரத்துக்குள் உங்கள் உலகம் சுருங்கிப்போனது. "சோம்பேறியாகிட்டா" என்பார் அண்ணன்.

ராமநாதபுரத்தில் உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்த அன்றுதான் துணிந்து என்னோடு பஸ் ஏறினீர்கள். காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாம்பன் பாலத்தில், கடலைப் பார்க்க நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கடல்.

"பொறுக்க முடியலத்தா."

"கண்டக்டர்ட்ட சொல்லவா மதினி?"

"ஐயோ, வேண்டாம். இறங்கி எங்கன போவேன்?"

என் கையை இறுக்கியிருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. சேலை நனைந்துவிட்டது. நான் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உங்கள் மடியில் கவிழ்த்து, "கை தவறிருச்சு மதினி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதீர்கள்.

பாலம் தாண்டியதும் மண்டபம் ஊரில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றீர்கள். நான் விடவில்லை. பேத்தியைப் பார்த்த கையோடு, அதே ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவரிடம் உங்களை உட்கார வைத்தேன்.

"போகும்போது எரியுதா? போயிட்டு வந்தும் மிச்சம் இருக்க மாதிரி இருக்கா? அடியில ஏதும் இறங்குதா?"

கடைசிக் கேள்விக்குத் தலை கவிழ்ந்தது. "குத்தவச்சா உருண்டையா வருதும்மா. கையால தள்ளி விட்டுக்கிருவேன்."

என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை நீங்கள்.

"இதுக்குப் பல காரணம் இருக்கலாம். கிருமி, சர்க்கரை, கல்லு... பாத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். பார்த்தார்கள். கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, கல்லும் இல்லை. ஆனால் நீங்கள் போய்விட்டு வந்த பிறகும் மூத்திரப்பையில் சிறுநீர் தேங்கியிருந்தது. கர்ப்பப்பை இறங்கி, மூத்திரப்பையையும் சேர்த்துக் கீழே இழுத்திருந்தது. பிரசவங்களும் பாரம் தூக்கியதும் சேர்ந்து தசையைத் தளர்த்திவிட்டன, தண்ணீர் குடிப்பதைக் குறைத்தது தொந்தரவைக் கூட்டியிருக்கிறது என்றார்.

"அப்ப சூடு இல்லையாம்மா?"

"சூடு இல்லம்மா."

ஆபரேஷனுக்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, நீங்களும் பயந்தீர்கள். கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார்கள். கழிப்பறைக்கு ஓடும் அவசரம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் பேத்தியைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறி, "வாரேன்த்தா" என்று கை காட்டினீர்களே, அந்த முகம் எனக்குப் போதும். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. அந்தச் சாவைக்கூட மனம் ஏற்றுக்கொண்டது. அத்தனை வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தீர்களே, அது இன்னும் ஆறவில்லை.

நேற்று கரையில், புதிதாகப் பாசிக்கு வரும் செல்வி, நான் தண்ணீர் நீட்டியபோது வேண்டாம் என்றாள். "சூட்டு உடம்பு அக்கா, குடிச்சா அடிக்கடி ஓடணும்." டாக்டர் உங்களிடம் கேட்டதையெல்லாம் அவளிடம் கேட்டேன். அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"வீட்ல என்னன்னு சொல்லிட்டு வாரது?"

"ஒண்ணுக்கு அடக்க முடியலன்னு சொல்லு."

சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில், அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றேன்.