சிவப்புக் கரைத் துண்டு

2 நவம்பர் 2004, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மாலை 6.30 கல்லூரியில் பெரியவர்களுக்கான இந்தோனேசிய வகுப்பு. எடுத்துப் போக: அட்டைகள், விசில், துணித் துண்டுகள், பிஸ்கட்.

இந்தோனேசிய வினைச்சொல் உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது. அதனால் ஓட விடுகிறேன். இரண்டு பேர் இடுப்பில் துண்டு: சிவப்பு ‘மெ’, அதாவது செய்வினை முன்னொட்டு; பச்சை ‘டி’, செயப்பாட்டு வினை முன்னொட்டு. மற்றவர்கள் கையில் வினைச்சொல் அட்டை. செய்தவரைப் பற்றி நான் சொன்னால் சிவப்பிடம் ஓட வேண்டும், செய்யப்பட்டதைப் பற்றிச் சொன்னால் பச்சையிடம். பிந்தியவர் அவுட். ஆறு வருடமாக இதுதான். துண்டுகள் என் இரண்டு பழைய புடவைகளைக் கிழித்து நானே ஓரம் அடித்தவை. சிவப்பில் மட்டும் கரை இன்னும் மினுங்குகிறது.

டாசன் இன்று அவுட் ஆகவே இல்லை. மாணவர்களில் மூத்தவர், ரிட்டயர்ட் தபால்காரர், மருமகள் இந்தோனேசியக்காரி, சுரபாயா. முழங்கால் வலியோடு குதித்தார். வாய்விட்டுச் சிரித்தேன்.

வாசலில் காவலாளி சிவம்: “என்ன ரீச்சர், படிப்பிக்கிறியளோ, கிளித்தட்டு விளையாடுறியளோ? கீழ இருக்க ஏலாது, அவ்வளவு சத்தம்.”

“ரெண்டும்தான் அண்ணே.”

4 நவ., வியாழன்

குளிர். பால் முடிந்துவிட்டது. மொழி வகுப்புகளுக்குப் பொறுப்பான ஹெலன் போன் செய்தாள். செவ்வாய் வந்து பார்ப்பாளாம். விளையாட்டுகளை எல்லாம் எழுதித் தர வேண்டுமாம், ‘பைலுக்கு’. நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன். அடுத்த டேர்ம் இரண்டு வகுப்பு கேட்கலாமா?

7 நவ., ஞாயிறு

எழுதி முடித்தேன். 14 விளையாட்டு. படங்களோடு, யார் எங்கே நிற்பது என்று அம்புக்குறி போட்டு. இட்லி மாவு பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

9 நவ., செவ்வாய்

மழை. ஹெலன் வந்தாள். பைலை வாங்கிக்கொண்டாள். மூலையில் உட்கார்ந்து இரண்டு தடவை சிரித்தாள். முடிந்ததும் “அருமை” என்றாள். அதே மூச்சில், ஜனவரியிலிருந்து வகுப்பு மார்ட்டின் என்ற இளம் ஆசிரியனுக்கு என்றாள்.

ஏன் என்றேன். என் விண்ணப்பப் படிவத்தில் தாய்மொழி: தமிழ் என்று இருக்கிறதாம். மாணவர்கள் ‘அசல் மொழி’ எதிர்பார்க்கிறார்களாம்.

மார்ட்டினுக்குத் தாய்மொழி என்ன? ஆங்கிலம். அது பரவாயில்லையாம், ஜாவாவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறானாம். நான் என் ஊர் ஈப்போவில் ஆறு வயதிலிருந்து மலாய்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது கணக்கில் இல்லை; மலாயும் இந்தோனேசிய மொழியும் அக்கா தங்கை. இந்தோனேசிய மொழியைத் தனியாக உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழும் கணக்கில் இல்லை.

“சரி” என்றேன். அந்த ‘சரி’யை நினைத்தால் என் மேலேயே எரிச்சல்.

11 நவ., வியாழன்

நகரின் மறுகோடி ஸ்ட்ரெதமிலிருந்து லெட்சுமி போன் செய்தாள். எங்கள் ஈப்போ லெட்சுமிதான்.

“யாருடி உன்னைத் தமிழ்னு எழுதச் சொன்னா? மலாய்னு போட்டிருந்தா எவனுக்குத் தெரியும் லா?”

“தாய்மொழி என்னன்னுதானே கேட்டிருந்தது லெட்சுமி.”

“நானெல்லாம் இங்க வேலைக்கு எழுதினப்போ மலாய்னுதான் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் கேக்கல.”

போனை வைத்த பிறகு அழுதேன். பத்து நிமிடம். பிறகு மின்கட்டணம் கட்டப் போனேன்.

16 நவ., செவ்வாய்

துணித் துண்டுகள் அலமாரியில் இல்லை. சிவம் அண்ணையைக் கேட்டேன்.

“ஹெலன் வந்து எடுத்துக்கொண்டு போனவ. சனிக்கிழமை மீற்றிங்குக்காம். உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

சொல்லவில்லை. விசிலையும் எடுத்துவிட்டாள். கைதட்டி நடத்தினேன்.

20 நவ., சனி

ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள். வராவிட்டால் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். வெயில், வேண்டுமென்றே அடித்த மாதிரி.

மார்ட்டின் மேடையில். பின்னால் திரையில் என் அம்புக்குறிகள். என் கையெழுத்தைத் துடைத்து டைப் அடித்திருக்கிறார்கள். “நாங்கள் உருவாக்கிய முறை” என்றான். ‘நாங்கள்’ யார்? ஹெலன் தலையாட்டினாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறேன். நல்ல பையன். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

விளையாடிக் காட்ட ஆள் வேண்டுமாம். முன்வரிசையில் நான். சிரித்துக்கொண்டே சிவப்புத் துண்டை என் கையில் கொடுத்தான். எப்படிக் கட்டுவது என்று எனக்கே காட்டிக் கொடுத்தான்.

கட்டினேன். என்னிடம் ஓடி வந்தவர்களில் மூன்று பேரைத் தப்பு என்று பச்சைப் பக்கம் திருப்பி அனுப்பினேன். மார்ட்டின் சந்தேகத்தோடு என் பைலைப் புரட்டினான், நான் சொன்னதுதான் சரி. எல்லோரும் கைதட்டினார்கள். “இவங்க சீக்கிரம் பிடிச்சுக்கிறாங்க!” என்று ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ரயிலில் இல்ஃபோர்ட் தாண்டித்தான் கவனித்தேன், என் ஸ்டேஷன் போய்விட்டது. கோட்டுக்குள் இடுப்பில் துண்டு இன்னும் கட்டினபடி.

22 நவ., திங்கள்

தலைவலி. ஆன்சர் மெஷினில் ஹெலன்: செட்டில் ஒரு சிவப்புத் துண்டு குறைகிறதாம், தெரியாமல் நான் எடுத்துப் போயிருப்பேனாம், செவ்வாய் கொண்டு வந்தால் உதவியாக இருக்குமாம்.

துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கொடுக்க மாட்டேன்.