ட்யூனரை நீயே திருப்பு

என் அன்புள்ள சண்டைக்காரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. நேற்றிலிருந்து இருப்புக்கொள்ளாமல் அலைகிறேன். கடையில் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். படியிறங்கும்போது தடுமாறித் திரும்பி வந்தவர், “முதல்ல உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க” என்று கத்திவிட்டுப் போனார். முதலாளி மத்தியானமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

காரணம், அணித் தேர்வு முகாம் அலுவலகப் போனில் நீ பேசிய அந்த ஒரு நிமிடம்தான். “குண்டெல்லாம் மேலயும் கீழயுமா சிதறுதுங்க, ட்யூனரைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா” என்று கேட்டாய். “கையை வெச்சே, எல்லாம் கெட்டுது. மூச்சை ஒழுங்கா விட்டுச் சுடு” என்று பாய்ந்தேன். நீ பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ரைஃபிள் பேரலின் நுனியில் அந்த ட்யூனர் வளையத்தை மாட்டிய நாளிலிருந்து அது என் ராஜ்ஜியமாகிவிட்டது. நீ படுத்துச் சுடுவாய். நான் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்து இரண்டு கிளிக் திருப்புவேன். மறுபடி சுடுவாய். குண்டு கிளம்பும்போது பேரல் துடிக்கிற துடிப்பில், வேகமான குண்டும் மெதுவான குண்டும் ஒரே உயரத்தில் போய் விழுகிற நிலை ஒன்று இருக்குமே, அதைத் தேடி மாதக்கணக்கில் உயிரை விட்டோம். கிடைத்ததும் திருகாணியை இறுக்கினேன். அதற்குப் பிறகு ஒருமுறை நீ சும்மா தொட்டுப் பார்த்ததற்கே உன் கையைத் தட்டிவிட்டேன். 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தோட்டா அலமாரியைத் திறந்தேன். பயிற்சித் தோட்டா போட்டுவைக்கும் அந்தக் கிழிந்த டப்பா கனமாக இருந்தது. திறந்து லாட் எண்ணை, எந்தத் தொகுப்பில் செய்த தோட்டா என்கிற எண்ணை, இரண்டு முறை படித்தேன். நாம் ட்யூன் செய்த லாட் அத்தனையும் அதில்தான் இருக்கிறது! கிளப்பில் ஆளாளுக்கு நல்ல தோட்டாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று, நல்லதைக் கிழிந்த டப்பாவிலும் சாதாரணத்தைப் புது டப்பாவிலும் மாற்றி வைத்திருந்தேன். ரேஞ்சில் உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ தலையையும் ஆட்டினாய். உன் இரண்டு காதிலும் அப்போது சத்தத்தை அடைக்கிற மஃப் இருந்தது என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது.

ஆகவே நீ எடுத்துப் போயிருப்பது புது டப்பாவில் இருந்த வேறு லாட். அதன் வேகம் வேறு, அதற்கு வளையம் நிற்க வேண்டிய இடமும் வேறு. உன் மூச்சில் ஒரு குறையும் இல்லை. நீ கேட்டதுதான் சரி, நான் பாய்ந்ததுதான் தப்பு.

முகாமுக்குப் போன் போட்டேன். தேர்வு முடியும்வரை யாரையும் கூப்பிட மாட்டார்களாம், குடும்ப விஷயம் என்றால் மட்டும் தகவல் சொல்வார்களாம். “இது குடும்ப விஷயம்தான் சார், எங்க வீட்டுல இதை விட்டா வேற விஷயமே கிடையாது” என்றேன். எடுத்தவர் போனை வைத்துவிட்டார். தோட்டாவைக் கொடுத்தனுப்பலாம் என்றால் லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது. உன் தம்பி, “பையில போட்டு எடுத்துட்டுப் போயிடறேன் மாமா” என்று கிளம்பப் பார்த்தான். நீ தேர்வாவதற்குள் அவனை ஜாமீனில் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். எப்படியாவது உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

தேர்வுக்கு முந்தின நாள் பயிற்சி நேரம் கொடுப்பார்கள் அல்லவா, அதை முழுக்க இதற்கே வைத்துக்கொள். திருகாணியைத் தளர்த்து. இரண்டிரண்டு கிளிக்காகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து குண்டு சுடு. பக்கவாட்டில் சிதறினால் அது காற்று, விட்டுவிடு. மேலும் கீழுமான சிதறல் எங்கே அடங்குகிறதோ அங்கே நில். ஒரு குரூப், ஐந்து குண்டும் நெருக்கமாக, அழகாக விழுந்ததும் துள்ளாதே. அதே நிலையில் இன்னொரு முறை சுட்டு, அதுவும் அப்படியே விழுந்தால் நம்பு. வளையம் நகர்ந்தால் குண்டு விழும் இடமும் நகரும், குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்துகொள். பிறகு இறுக்கிவிட்டு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடு.

இந்த முறையும் அணியில் இடம் இல்லையென்றால் ரைஃபிளை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னால் செய்கிறவள். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இதிலும் அதிகாரம்தான் செய்திருக்கிறேன். பக்கத்தில் நான் இல்லையே என்று நீ பயப்படுவாயோ என்று நினைத்தேன். யோசித்தால் பயம் எனக்குத்தான். நீ தனியாகத் திருப்பி, தனியாகக் கண்டுபிடித்து, அது நான் வைத்ததைவிட நன்றாக அமைந்துவிட்டால் அப்புறம் ரேஞ்சில் எனக்கு என்ன வேலை என்ற பயம். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வேன் என்று மட்டும் ஒரு கணமும் யோசிக்காதே, மா.

நீ எங்கே நிறுத்துகிறாயோ அதுதான் சரி. நீ வந்த பிறகு நான் அதை மாற்ற மாட்டேன். எத்தனையாவது கிளிக் என்றுகூடக் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றாகச் சுட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்