இரண்டாவது மாத்திரை அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போன வாரம் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே. சூப்பர்வைசர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகாராணி மாதிரி போனேன்.

டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி எனக்கு விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத கிருமியாம், புருஷனிடமிருந்து திரும்பத் திரும்பத் தொற்றியிருக்கிறது. வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்து கருக்குழாய் இரண்டையும் அடைத்துவிட்டதாம். "ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திரை சாப்பிட்டிருந்தா அப்பவே போயிருக்குமே. யாரும் சொல்லலையாக்கா?" என்றாள்.

சொல்லியிருக்கிறார்கள், உன்னிடம். கல்யாணமான புதிதில் டாக்டரம்மா என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உன் கையில் இரண்டு மாத்திரை அட்டை கொடுத்தார். "ரெண்டும் உனக்குத்தாண்டி, ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணு" என்றாய். மாப்பிள்ளையிடம் நீட்ட உனக்குக் கூச்சம். அவர் பங்கையும் நானே வாய் கசக்க விழுங்கினேன். அந்த வீட்டில் என்னை மலடி என்றபோது நீ வாயே திறக்கவில்லை.

இப்போது அவருக்கு இரண்டாம் தாரமாகப் பெண் பார்க்க நீயும் கூடப் போனாயாம். அண்ணி போனில் சொன்னாள்.

இங்கே குளிர் அதிகம். யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. அந்தப் பெண் வருவதற்குள் அவரை டாக்டரிடம் அனுப்பி மாத்திரை சாப்பிட வை. சொல்லக் கூச்சமாக இருந்தால், மலடி சொல்லச் சொன்னாள் என்று சொல்.

உன் மகள்